பானெட் திறந்தால் வந்துவிடுகிறவர்

"திரு. பகலவன், முதுநிலைப் பொறியாளர், தர உறுதிப் பிரிவு. ஆதாரமின்றி முடிவுக்கு வராதவர். பிறர் கருத்தைப் பொறுமையாகக் கேட்பவர். எந்தக் கோளாறையும் அதன் மூல காரணம்வரை பின்தொடர்ந்து சென்று, அமைதியாகத் தீர்த்துவைப்பவர்."

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் வரவேற்பறைச் சுவரில், இந்த ஆண்டின் சிறந்த ஊழியர் என்ற தலைப்பின் கீழ், இப்படி எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். படமும் இருக்கிறது. படத்தில் அவர் வாய் மூடியிருக்கிறது. அபூர்வமான படம்.

இவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் தெருவில் அவருக்குப் பெயர் வேறாக இருக்கலாம், மீசை கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம். ஆனால் சாலையோரத்தில் ஒரு கார் நின்று, அதன் பானெட் ஒரு சாண் உயர்ந்தால் போதும், அதுவரை டீக்கடையில் பாதி வடையோடு அரசியல் பேசிக்கொண்டிருந்தவர், வடையையும் அரசியலையும் அப்படியே விட்டுவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, சாலையைக் குறுக்கே கடந்து வந்து நிற்பாரே, அவர்தான். அவரை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டு வருகிறவருக்கு மெக்கானிக் என்று பெயர்.

வந்தவுடன் என்ன கோளாறு என்று கேட்க மாட்டார். கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அப்புறம் அவர் எதைக் கண்டுபிடிப்பது? "யார்கிட்ட வாங்குனீங்க?" என்பார். நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார். பிறகு, எஞ்சினில் எங்கே எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதோ அங்கே ஆள்காட்டி விரலை வைத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்கருகே கொண்டுபோய், வானத்தைப் பார்ப்பார். அந்த மோப்பத்துக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு மௌனம் வரும். ஸ்கேன் எடுத்த டாக்டர் "கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று கேட்பதற்கு முன்னால் வரும் அதே மௌனம். அப்புறம் "ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். பண்ணுவீர்கள். "ஆஃப் பண்ணுங்க." பண்ணுவீர்கள். "சத்தம் கேட்டுச்சா?" எந்தச் சத்தம் என்று விழிப்பீர்கள். "கேக்கலையா? அப்ப இன்னும் மோசம்."

எல்லா ஊரிலும் முளைக்கும் இந்த இனம் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையில் மட்டும் செழித்துக் காடாகக் கிடக்கிறது. காரணம் இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரே தெருவில் ஒருவர் கார் கண்ணாடி செய்கிறார், ஒருவர் சீட்டுக்குள் அடைக்கும் பஞ்சு செய்கிறார், ஒருவர் ஹாரன் செய்கிறார், ஒருவர் ஹாரனுக்குப் போகும் ஒயர் செய்கிறார். தெருக்காரர்கள் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனது வைத்தால் பிரியாணி வேகும் நேரத்தில் ஒரு முழுக் காரைச் செய்து நிறுத்திவிடலாம். ஆனால் முழுக் காரைத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. அவரவர் பகுதி அவரவருக்கு. ஆகவே ஒரு கார் நின்றுபோனால், அது தன்னுடைய பகுதியால்தான் நின்றது என்று ஒவ்வொருவரும் உள்ளூர நம்புகிறார். ஆனால் செய்தது தன் கம்பெனி இல்லை, போட்டிக் கம்பெனி என்றும் நம்புகிறார்.

பகலவன் கம்பெனி செய்வது கதவு ஓரத்து ரப்பர் பட்டை. உலகத்தில் எது ஒழுகினாலும், அது காராக இருந்தாலும் மாநகராட்சிக் குழாயாக இருந்தாலும், பட்டை சரியில்லை என்பது அவர் சித்தாந்தம்.

மண்ணூர்ப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் அவர் வீடு. எதிர் வீட்டில் அமலா. போன் செய்யும் தொழிற்சாலையில், கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. ஓட்டக் கற்று, லைசென்ஸ் வாங்கி, வீட்டில் எல்லோரிடமும் மாறி மாறிப் பேசி, ஒருவழியாக ஒரு பழைய டீசல் காரை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தாள். கொடுத்தவர், அவள் புருஷன் அன்புவோடு வேலை பார்த்து ஓசூருக்கு மாறிப் போகிறவர். "ஞாயித்துக்கெழம சாயங்காலம் வரிக்கும் ஓட்டிப் பாருங்க. புடிக்கலன்னா சொல்லிடுங்க, வேற ஆளு ரெடியா கீது" என்று சாவியைத் தந்திருந்தார்.

அன்பு நல்லவன். ஆனால் கம்பெனி பஸ் வாசலுக்கே வரும்போது கார் எதற்கு என்கிற கட்சி. "ஓட்டிப் பாரு. எதுனா ஒண்ணுன்னா திருப்பிக் குடுத்துடணும். அதுக்கப்பறம் இந்த வூட்ல கார்னு ஒரு பேச்சு வரக் கூடாது" என்று சொல்லிவிட்டான். மாமியார் ஞானம்மா மருமகள் கட்சி. முன் சீட்டில் உட்கார்ந்து கோயிலுக்குப் போக வேண்டும் என்பது அவள் ஒரே கோரிக்கை.

சனிக்கிழமை சாயங்காலம் அமலா பானெட்டைத் திறந்தாள். முன் கண்ணாடி துடைக்கிற வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றத்தான். குவளை சாய்வதற்குள் பகலவன் வந்துவிட்டார். விடுமுறை நாள் உடுப்பு: உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த அரைக்கால் பேண்ட்.

"இன்னாம்மா, ஏதோ ப்ராப்ளமாமே?"

"யார் சார் சொன்னாங்க? தண்ணி ஊத்திகினு கீறேன்."

"எல்லாரும் அப்டித்தான் ஆரம்பிப்பாங்க" என்றார் பகலவன், ரொம்பப் பரிவாக.

விரல் போயிற்று. மோப்பம் நடந்தது. வானம் பார்க்கப்பட்டது. "ஸ்டார்ட் பண்ணு" என்றார். எஞ்சின் ஓடும்போதே, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகிக் கழற்றி, அதைத் தலைகீழாக அந்த வாயின் மேலேயே வைத்தார்.

பழைய வண்டி பார்க்கிற எல்லோரும் செய்கிற சோதனைதான் இது. உள்ளேயிருந்து வரும் காற்றில் மூடி ஆடினால் பிஸ்டன் தேய்ந்துவிட்டது. குதித்து விழுந்தால் எஞ்சினே முடிந்துவிட்டது. சும்மா இருந்தால், விற்றவன் உள்ளே ஏதோ தகிடுதத்தம் செய்து வைத்திருக்கிறான். பகலவன் கையில் இந்தச் சோதனையில் தேறிய எஞ்சின் இதுவரை இல்லை.

மூடி லேசாக நடுங்கியது. பகலவன் முகம் மலர்ந்தது.

"பாத்தியா?"

அமலா இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். "வண்டியே நடுங்குது சார். அதும்மேல வச்ச மூடி நடுங்காம இன்னா பண்ணும்?"

"போய் ஆக்ஸிலேட்டர மிதி. நான் சொன்னப்பறம் ஆஃப் பண்ணு."

போய் மிதித்தாள். தூக்கி நின்ற பானெட் அவரை மறைத்தது. எஞ்சின் நின்றதும், அவர் செல்போன் வெளிச்சத்தை அந்த வாய்க்குள் அடித்துப் பார்த்தார். இருட்டாக இருந்தது, இருட்டாக இருக்கும் என்றுதான் அவரும் எதிர்பார்த்திருந்தார். தூசி விழக் கூடாதே என்று பக்கத்தில் கிடந்த துடைப்புத் துணியை அந்த வாயில் திணித்தார். ஏனென்றால் சுத்தம் முக்கியம். மூடியைத் தரையில் வைக்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஏனென்றால் ஒழுங்கு முக்கியம். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. அனுப்பிய ரப்பர் பட்டை ஒட்டவில்லை, உரிந்து வருகிறது என்று யாரோ புகார். "நம்ம மேல தப்பே இல்ல! கதவு பெயிண்டு சரியில்லன்னு எழுதி அனுப்பு!" என்று கத்திக்கொண்டே, இடது கையால் பானெட்டைச் சாத்திவிட்டு, "எஞ்சின் டவுட்டுதாம்மா" என்று ஒரு ஆசீர்வாதத்தையும் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார்.

மறுநாள் காலை அமலா காரை எடுத்தாள். பக்கத்து சீட்டில் ஞானம்மா, பட்டுச் சேலையில், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, வழியில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டே ஸ்ரீபெரும்புதூர்வரை போனாள். பூசை முடிந்து திரும்பும்போதுதான் மூக்கைச் சுளித்தாள்.

"யாரோ டயரு கொளுத்துறாங்கடி."

யாரும் கொளுத்தவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தும்போது பானெட் இடுக்கிலிருந்து புகை வந்தது. அடியில் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு. அன்பு படியில் நின்று பார்த்தான். "நான் சொல்லல?" என்றான். அமலா பானெட்டைத் தூக்கினாள். எஞ்சின் முழுக்க எண்ணெய் அபிஷேகம்.

பானெட் திறந்துவிட்டது. அப்புறம் சொல்ல வேண்டுமா?

முதலில் திருமலை வந்தார், ஒயர் கம்பெனி. "சென்சார் போயிருக்கும். ஆயிலு எவ்ளோ கீதுன்னு வண்டிக்கே தெரியல, அதான் வெளிய தள்ளுது." அடுத்து மாசானம், தெற்கத்தி ஆள், பெயிண்ட் அடிக்கிற பிரிவு. "துரு பிடிச்சிருக்குவே. அடியில எங்கனயோ ஓட்டை விழுந்திருக்கு, பாத்துக்கிடுங்க." இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், சிறுபிள்ளை பேச்சைக் கேட்பதுபோல.

பகலவன் வந்ததும் வழி விட்டார்கள். அதே அரைக்கால் பேண்ட்.

"யாரும் எதையும் தொடாதீங்க! எவிடென்ஸ்!"

தொடவில்லை. தொட்டிருந்தால், எண்ணெயில் ஊறி எஞ்சினோடு எஞ்சினாகக் கறுத்துப் படுத்திருந்த அந்தத் துணி யார் கையிலாவது வந்திருக்கும். அதன் கீழே வாய் திறந்து கிடந்ததும் தெரிந்திருக்கும்.

அமலாவுக்கு ஒரு யோசனை. "சார், ஒருவாட்டி எல்லாத்தையும் தொடச்சிட்டு ஸ்டார்ட் பண்ணா, எங்கேர்ந்து வருதுன்னு கண்ணுக்கே தெரியும்ல?"

பகலவன் அவளைப் பார்த்துச் சிரித்தார். "தொடச்சா கறை போயிடும்மா. கறை போனா எதை வச்சி அனலைஸ் பண்றது?"

அவர் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. கோளாறு வந்தால் 'ஏன்?' என்று கேட்க வேண்டும். வந்த பதிலுக்கும் 'ஏன்?' என்று கேட்க வேண்டும். இப்படியே விடாமல் கேட்டுக்கொண்டு போனால் கடைசியில் மூல காரணம் கையில் அகப்படும். நல்ல முறைதான். பகலவன் அதில் ஒரு திருத்தம் செய்திருந்தார்: கடைசி பதிலில் வருவது எப்போதும் வேறு பிரிவின் பெயராக இருக்க வேண்டும். அதுவரைக்கும் கேட்க வேண்டும். பெயர் வந்தவுடன் நிறுத்திவிட வேண்டும்.

டிப்பர் லாரிகள் ஓடும் சாலையில் போய் வந்த காரின் பின் கண்ணாடியில் தூசி கனமாகப் படிந்திருந்தது. அதில் விரலால் ஒரு நீளக் கோடு கிழித்து, மேலும் கீழும் சாய்ந்த கோடுகள் போட்டார்.

"இன்னாபா இது?" என்றாள் ஞானம்மா, முன் சீட்டிலிருந்தே திரும்பிப் பார்த்து. "ஞாயித்துக்கெழம அதுவுமா மீனு முள்ளு வரையிற?"

"மீன்முள் படம்தான்மா. காரணம் கண்டுபிடிக்கிறது. ஆயில் ஏன் வருது? கேஸ்கெட் போச்சு. கேஸ்கெட்ன்றது இன்னா? பட்டை. பட்டை ஏன் போச்சு? எஞ்சின் சூடாச்சு. ஏன் சூடாச்சு? பிஸ்டன் தேஞ்சி போச்சு. நேத்தே மூடி வச்சிக் காட்டுனேன், அமலா சாட்சி. பிஸ்டன் ஏன் தேஞ்சுது? வித்தவன் ஆயிலே மாத்தல." தூசியில் அந்த ஓசூர்க்காரர் பெயரை எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "எஞ்சின எறக்கணும்."

எஞ்சினை இறக்க வேண்டும்! அந்தச் சொல் விழுந்தவுடன் கூட்டத்தில் ஒரு நிறைவு பரவியது. திருமலைகூடத் தன் சென்சாரை விட்டுக்கொடுத்துத் தலையாட்டினார். அடுத்தவர் வண்டியின் எஞ்சின் இறங்குவதைப்போல மனதைத் தூக்குவது வேறொன்று உண்டா?

அன்பு செல்போனை எடுத்தான். "நான் அவர்கிட்ட வந்து எடுத்துகினு போகச் சொல்லிடறேன்."

"ஒரு நிமிசம்ங்க" என்றாள் அமலா.

"இன்னா ஒரு நிமிசம்? சாரே சொல்லிட்டாரு. பொகைய நீயே பாத்த."

அவள் சாவியை உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். திங்கட்கிழமை காலை தானே ஓட்டிக்கொண்டு போய், தொழிற்சாலைக் கேட்டில் நிறுத்தி, செக்யூரிட்டி வந்து சல்யூட் அடிக்கிறானா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஞானம்மா மட்டும் முன் சீட்டிலிருந்து இன்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள், இறங்கினால் வண்டி போய்விடும் என்பதுபோல.

பகலவன் தீர்ப்பு சொன்ன நீதிபதியின் தளர்ச்சியோடு விரலில் ஒட்டிய தூசியைத் துடைக்கக் கைக்குட்டை தேடி, ஒரு பாக்கெட்டில் கைவிட்டார். இல்லை. இன்னொன்றில் விட்டார்.

வட்டமாக ஏதோ அகப்பட்டது. முதலில் என்னவென்று விளங்கவில்லை. விரல் அதன் ஓரத்து வரிகளைத் தடவிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தது.

மூடி.

சொல்லியிருக்கலாம். "அடடா, மறந்துட்டேம்மா" என்று ஒரு வார்த்தை. தெரு ஐந்து நிமிடம் சிரித்திருக்கும். பகலவனும் அதை நினைத்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் எத்தனையோ கோளாறுகளுக்கு எத்தனையோ பேரைச் சுற்றி வட்டம் போட்ட விரலால் தன்னைச் சுற்றி எப்படி ஒரு வட்டம் போடுவது? பேசாமல் இருந்தும்விடலாம், வண்டி போய்விடும், மூடியைக் கிணற்றில் போட்டுவிடலாம். அதையும் நினைத்தார். அதற்குள் அன்புவின் போனில் எதிர்முனை மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. அமலா யாரையும் பார்க்காமல் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துப் போட்டாள். திருப்பிக் கொடுக்கப்போகிற வண்டியில் இலையை எதற்கு எடுக்க வேண்டும்?

அதைப் பார்த்துவிட்டார் பகலவன். அவரும் மனிதர்தானே.

"அன்பு! போனை வை! ஒரு டவுட்டு!"

சொல்லிவிட்டு, முதுநிலைப் பொறியாளர் அப்படியே தரையில் மல்லாந்து, எண்ணெய்ச் சொட்டுகளின் மேலேயே முதுகை உரசிக்கொண்டு, காருக்கு அடியில் போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளே சிறிது நேரம் ஏதேதோ தட்டும் ஓசை கேட்டது. பிறகு, "கெடச்சிடுச்சி!" என்று ஒரு குரல்.

வெளியே வந்தவர் கையில் மூடி. "ஆயில் மூடி! ரோட்டு ஆட்டத்துல கழண்டு வுழுந்து அடியில மாட்டிகினு கீது. நேத்து நான் கரெக்டாதான் மூடுனேன். மரை தேஞ்சி போன மூடி. வித்தவன் வேல!"

கூட்டம் வாய் பிளந்தது. "அதாம்லா சொன்னேன், மூடி துரு பிடிச்சிருக்கும்" என்றார் மாசானம்.

"இது பிளாஸ்டிக்கு அண்ணாச்சி" என்றார் திருமலை.

அமலா கை நீட்டி மூடியை வாங்கினாள். நாளெல்லாம் கண்ணாடியில் மயிரிழைக் கீறல் தேடுகிற கண். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எஞ்சின் முழுக்க ஆயிலு. அடியிலயும் ஆயிலு. உங்க சட்டை முதுகெல்லாம் ஆயிலு. மூடி மட்டும் ஏன் சார் காஞ்சிகினு கீது?"

"காத்துல... ஆறியிருக்கும்."

"ஆறிச்சின்னா ஏன் இப்டி வெதுவெதுன்னு கீது?"

பகலவன் திருமலையைப் பார்த்தார். திருமலை வானத்தைப் பார்த்தார்.

"ஏன் சார் இதுல பஞ்சுப் பிசிறு ஒட்டிகினு கீது?"

ஏன்-ஏன் ஆய்வு, அவர் பணிக்காலத்தில் முதல் தடவையாக, வேறெந்தப் பிரிவுக்கும் திரும்பாமல் நேராக நடந்துவந்து அவர் முன்னாலேயே நின்றுகொண்டது. பதில் சொல்ல வாய் திறந்தார். சுவரில் மாட்டியிருக்கிற படம்போல மறுபடி மூடிக்கொண்டார்.

"வுடுடி" என்றாள் ஞானம்மா, கார் ஜன்னலிலிருந்து. "பாவம், அத்தினி பாக்கெட்டு வச்சிகினு கீறாரு. எதுல இன்னா போட்டாருன்னு அவருக்கே எப்டித் தெரியும்?"

தெரு சிரித்தது. அன்புகூடச் சிரித்துவிட்டான். சிரித்தவன் அப்புறம் கண்டிப்பாக இருப்பது கஷ்டம். அமலா துணியை எடுத்து எறிந்துவிட்டு, எஞ்சினை நன்றாகத் துடைத்து, அளவுக் கம்பியை உருவிப் பார்த்து, குறைந்த ஆயிலை வாங்கி ஊற்றி, மூடியைத் தன் கையாலேயே திருகினாள். மூடி கச்சிதமாக இறுகியது. மரை ஒன்றும் தேயவில்லை. ஸ்டார்ட் செய்து, இன்னும் இறங்காத ஞானம்மாவோடு மணிமங்கலம்வரை ஒரு சுற்றுப் போய்வந்தாள். அடியில் ஒரு சொட்டு இல்லை. "வண்டிய நாங்களே வச்சிக்கிறோம்" என்று ஓசூர்க்காரருக்கு அன்புதான் போன் செய்தான். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்ததாகக் கேள்வி.

இத்தோடு பகலவன் அடங்கியிருப்பார் என்று நினைத்தால், உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாரமே கேன்டீனில், சாம்பார் சாதத்துக்கு நடுவே, "எஞ்சினையே எறக்கணும்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. நான் கீழ படுத்து ஒரு பார்வைதான் பாத்தேன்" என்று அவர் சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று தேடுவதும் சுலபமில்லை.

சரி, நீங்கள் சிரித்தது போதும். எங்கள் மாடி வீட்டுக்காரர் அச்சாக இப்படித்தான் என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லவும் ஆரம்பித்துவிட்டீர்கள். உங்களிடம் கார் இல்லாமல் இருக்கலாம். ஆனால் யார் வீட்டு மிக்ஸியோ, யார் பிள்ளை சேரப்போகும் காலேஜோ, புதுசாகக் கல்யாணமான எந்தத் தம்பதியின் சண்டையோ, ஏதோ ஒன்றின் பானெட் திறந்த ஓசை கேட்டதும் உங்கள் கால் தானாக நடந்ததில்லையா? நடக்கட்டும், அது கட்டுப்படாத கால். நடக்கும் முன் பாக்கெட்டை மட்டும் ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பகலவனைப் பொறுத்தவரை நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை, எதிர் வீட்டுக் காரின் ஆயில் மூடியைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை, அதைக் காருக்கு அடியில் எடுத்துக்கொண்டுபோய்க் கண்டுபிடித்தார்.